கையின் கனம்

இருபத்தாறு என்று அவள் சொன்னது என் காதில் விழுந்திருக்கக் கூடாது. குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் வாக்கி-டாக்கியை அணைத்துவிட வேண்டும், அதுதான் நேகி சார் இந்தப் பனிச்சரிவு நிலையத்தில் வைத்திருக்கிற முறை, இரண்டு பேர், இரண்டு குழி, நடுவில் ஒரு பாறை முகடு, முதலில் முடிக்கிறவர் தன் எண்ணை வாக்கியில் அவரிடம் சொல்லலாம், இன்னொருவர் காதில் அது விழக்கூடாது, எண் தெரிந்துவிட்டால் கை அந்த எண்ணைப் பார்த்தே போகும் என்பார், கைக்கு வெட்கம் கிடையாது என்பார். நான் அணைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் சற்று முன்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். கையுறை தடிமன், விரல் வாக்கியின் அந்தச் சின்னத் திருகைத் தேடியது, பிடி கிடைக்கவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், அந்த அப்புறத்துக்குள் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால், அவள் எப்படிச் சொல்லப்போகிறாள் என்று கேட்கிற ஆசை இருந்ததோ என்று தோன்றுகிறது. எண்ணைக்கூட அல்ல, குரலை. சம்யுக்தா பதில் சொன்னால் கேள்வி கேட்டவருக்கே தான் நல்ல கேள்வி கேட்டுவிட்டோம் என்று தோன்றும். இருபத்தாறு சார், இதன் மேல் வீடே கட்டலாம் போலிருக்கிறது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள், அவரும் சிரித்தார். அவர் என்னிடம் சிரித்ததே இல்லை என்று சொல்ல முடியாது, சிரித்திருக்கிறார், நான் சொன்னதற்காக அல்ல, எனக்குத் தைரியம் கொடுப்பதற்காக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். இந்த மாதிரி வித்தியாசங்களைக் கண்டுபிடிப்பதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

இருபத்தாறு என்றால் நல்லது. பனியில் மார்பளவு குழி வெட்டி, அதன் மேல்பக்கச் சுவரில் ரம்பத்தால் அறுத்து ஒரு தூணைத் தனியாக நிறுத்துவோம், அதன் தலையில் பனி அள்ளுகிற ஷவலின் தட்டையான பக்கத்தை வைத்து, அதன் மேல் கையால் தட்ட வேண்டும், முதல் பத்து மணிக்கட்டிலிருந்து, அடுத்த பத்து முழங்கையிலிருந்து, கடைசிப் பத்து தோளிலிருந்து. எத்தனையாவது தட்டில் தூண் உடைந்து வழுக்குகிறதோ அதுதான் எண். சீக்கிரம் உடைந்தால், மேலே மலையில் கிடக்கிற பனி ஒரு சின்னக் கனத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தோள்வரைக்கும் போய் உடைந்தால் சாலைக் கேட்டைத் திறக்கலாம். இரண்டு பேருடைய எண்ணும் வேறு வேறாக இருந்தால் சின்ன எண்தான் செல்லும். ஆகையால் அவள் இருபத்தாறு சொல்லி முடித்து அடுப்புப் பக்கம் போய்விட்ட பிறகும் சாலை என் கையில்தான் இருக்கிறது, அவள் கொடுத்த உறைக்குள் இருக்கிற என் கையில். நான் சேலத்துக் கடைவீதியில் வாங்கிவந்த உறை முதல் வாரமே நனைந்து விறைத்துப்போனது, அவள் தன் பெட்டியைத் திறந்து இதை எடுத்துக் கொடுத்தாள், வெச்சுக்கோ, எனக்கு ரெண்டு இருக்கு என்றாள். நார்வேயில் ஆறு மாதம் படிக்கப்போனபோது வாங்கியதாம். கம்பளித் தொப்பியும் அப்படித்தான். எனக்கு ரெண்டு இருக்கு. இந்த ஊரில் நான் உயிரோடு நடமாடுவதில் பாதி அவளிடம் இரண்டு இருந்ததால்தான், இதை நினைத்தால் நன்றியுணர்வு வர வேண்டும், வருகிறது, வந்த உடனே இன்னொன்றும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

சுவரை முதலில் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். மேலே ஒரு முழத்துக்குப் புதுப்பனி, அதற்குக் கீழே காற்று அறைந்து அறைந்து பலகைபோல் ஆக்கிவைத்த பனி, விரலால் குத்தினால் முட்டிதான் வலிக்கிறது, அதற்கும் கீழே, தரையை ஒட்டி, அஸ்கா. தை மாதம் முழுக்க இங்கே பனி பொழியவில்லை, வெறும் குளிர், அந்தக் குளிரில் பழைய பனி மணிமணியாக மாறி ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்விட்டது. மாசி பிறந்ததும் மூன்று நாள் விடாமல் கொட்டியது, மேற்கிலிருந்து காற்று, இன்று காலை வானம் ஒன்றுமே நடக்காததுபோல் நீலமாக இருக்கிறது. இப்படிப்பட்ட காலைதான் மோசம். அந்த மணிகளை முதல்தடவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தபோது அஸ்கா மாதிரி இருக்கு என்று சொன்னது நான். எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரைக்கு அதுதான் பெயர், அம்மா கடைக்கு அனுப்பும்போது கால் கிலோ அஸ்கா என்றுதான் சொல்லி அனுப்புவாள், கல்லூரிக்குப் போன பிறகு அந்தச் சொல்லை நான் வெளியில் சொல்வதில்லை, அன்றைக்கு வாய் தவறி வந்துவிட்டது. அஸ்காவா, என்னடி அது, செமையா இருக்கு என்றாள் சம்யுக்தா. அடுத்த வாரம் தலைமையகத்தில் அவள் பேசியபோது திரையில் ஆங்கிலத்தில் அஸ்கா அடுக்கு என்று பெரிய எழுத்தில் வந்தது, அரங்கமே சிரித்துக் கைதட்டியது, இப்போது நேகி சாரிலிருந்து சமையல்காரர்வரை எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவள் என் பெயரைச் சொன்னாள், அதை நான் மறைக்கக்கூடாது. சொன்னாள், கையை நீட்டி என்னைக் காட்டவும் செய்தாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள்.

மணிக்கட்டிலிருந்து. ஒன்று. கையைத் தூக்குவதில்லை, கை தன் கனத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான். இரண்டு. எதிர்ச்சரிவில் வெயில் பாதி மலை இறங்கிவிட்டது, அது சாலைக்கு மேலுள்ள முகத்தைத் தொடுவதற்கு முன்னால் முடிவு சொல்லியாக வேண்டும், தொட்டுவிட்டால் பனி இளகத் தொடங்கும், அப்புறம் யார் எண்ணும் வேண்டாம், இன்றைக்குக் கேட் மூடினது மூடினதுதான். மூன்று. இங்கிருந்து பார்த்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டிகள் தீப்பெட்டிகள் மாதிரி தெரிகின்றன, லாரிகள், ஒரு பால் வண்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பச்சை ஜீப். நான்கு. ஜீப்பில் மேல் கிராமத்துப் பெண்கள் ஐந்து பேர், பத்தாம் வகுப்பு, நாளைக்குப் பரீட்சை, பரீட்சை மையம் கீழே நகரத்தில். நேற்றே வந்துவிட்டார்கள், ராத்திரி எங்கள் நிலையத்துச் சாமான் அறையில்தான் தூங்கினார்கள், காலையில் நான் குழிக்குக் கிளம்பும்போது ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. ஐந்து. அந்த உதட்டை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பு எழுதியதில்லை, அதனால் பரீட்சை எப்படி இருக்கும் என்று கேட்க ஆளில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு. ஏழு. சம்யுக்தாவுக்கு அவள் அப்பாவே பேராசிரியர். வாரக் கடைசியில் போன் பண்ணி மகளோடு பனியின் அடர்த்தியைப் பற்றிப் பேசுகிறார், சண்டை போடுகிறார், அவளும் அப்பா, நீங்க சொல்றது தப்பு என்கிறாள். என் அப்பா போன் பண்ணினால் சாப்டியா அம்மிணி என்பார், குளுரா என்பார், சரி வெச்சர்றேன் என்பார். அம்மா பின்னாலிருந்து, அந்த ஐஸு மேல இவளுக்கு என்ன வேலையாமா, கேளுங்க என்பாள். எட்டு. நான் அவர்களுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து பனி சரியுமா சரியாதா என்று பார்த்துச் சொல்கிற வேலை என்றேன். அப்பா, அப்ப கேட்டச் சாத்துறது நீயா என்றார். ஒன்பது. பத்து.

தூண் அசையவில்லை. முழங்கையை மடக்கிக்கொள்கிறேன். அப்பா நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டினார், அடுத்தவர் லாரி, விடுமுறையில் ஒருதடவை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார், மலைப்பாதையில் மண் சரிந்து கேட்டைச் சாத்திவிட்டார்கள், ஒரு பகல் ஒரு ராத்திரி நின்றோம். ஒரு அதிகாரி ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு மேலிடத்து உத்தரவு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுநர்கள் எல்லோரும் அந்த மேலிடத்தின் அம்மாவையும் அக்காவையும் இழுத்தார்கள். அப்பா திட்டவில்லை. டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, உத்தரவு போட்டவன் மூஞ்சிய ஒருக்கா பாக்கோணும் அம்மிணி, வேறொண்ணும் வேண்டாம் என்றார். பதினொன்று. இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்றால், கை தன் கனத்தில் விழ வேண்டும் என்கிறார்கள், கையின் கனம் எல்லா நாளும் ஒன்றா? ராத்திரி தூங்காத கைக்கு ஒரு கனம், யாரையாவது நினைத்துக்கொண்டு தட்டுகிற கைக்கு ஒரு கனம் இருக்காதா? பன்னிரண்டு. தலைமையகத்தில் ஒரே ஓர் இடம் இருக்கிறது, நிரந்தர வேலை, பனி உருகி முடிவதற்குள் நேகி சார் எங்கள் இருவரில் ஒருவர் பெயரை அனுப்ப வேண்டும், அது அவள் பெயராகத்தான் இருக்கும், அவள் கெட்டிக்காரி, அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவளுக்கு அந்த இடம் கிடைக்காவிட்டாலும் வேறு இடம் இருக்கும், எனக்கு ரெண்டு இருக்கு, பதிமூன்று.

போய்விட்டது. தூணின் மேல்பாதி, பலகையோடு, மேசை இழுப்பறையை யாரோ இழுத்ததுபோல், சத்தமில்லாமல், ஒரே நேர்கோட்டில் வழுக்கி என் காலடியில் வந்து விழுந்தது. கீழே அஸ்கா பொலபொலவென்று கொட்டுகிறது. பதிமூன்று. முதலில் வந்தது பயம் அல்ல. இதை நான் ஒழுங்காக நினைத்துப்பார்க்க வேண்டும், அவசரப்பட்டுத் தாண்டிப் போய்விடக்கூடாது. முதலில் வந்தது சந்தோஷம். வயிற்றுக்குள் வெந்நீர் இறங்கினதுபோல், அவள் தப்பு, அவள் தப்பு, வீடே கட்டலாமாம். அதற்குப் பிறகுதான் பச்சை ஜீப் வந்தது. நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஒரு மூச்சு, அதற்கும் குறைவு, ஆனால் வரிசை வரிசைதான், முதலில் அவள் தோற்றாள், இரண்டாவதாக ஐந்து பெண்கள் செத்துப்போகாமல் இருந்தார்கள். இப்படிப்பட்ட வரிசையில் நினைக்கிற ஒருத்தியின் கை என்ன கனத்தில் விழுந்திருக்கும்? பதிமூன்றாவது தட்டில் நான் எனக்கு ரெண்டு இருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்தத் தட்டு முழங்கையிலிருந்து வந்ததா தோளிலிருந்து வந்ததா என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

இன்னொரு தூண். ரம்பம் அஸ்காவுக்குள் போகும்போது சரசரவென்கிறது, விரல் நுனி மரத்துவிட்டது, மூச்சு பனிக்கண்ணாடியில் படிந்து உறைகிறது. இந்தத் தடவை மெதுவாகத் தட்டுவேன். மெதுவாக என்றால்? அதுவும் தப்புதானே, மெதுவாகத் தட்டி மெதுவாகத் தட்டி நானே ஒரு இருபத்தாறைத் தயாரித்துக்கொண்டு போய் நிற்கலாம், அவள் எண்ணே என் எண்ணும், எல்லோரும் டீ குடிக்கலாம், வாணி ஏதோ பொறாமையில் சாலையை மூடினாள் என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. ஒருவரும் சொல்லமாட்டார்கள்தான், என் பொறாமை யாருக்கும் தெரியாது, நான் அவளைப் பார்த்தால் சிரிக்கிறேன், அவள் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவுகிறேன். எனக்குத்தான் தெரியும். பொறாமை இல்லாதவள் என்று எனக்கு நானே காட்டிக்கொள்வதற்காக ஒரு ஜீப்பை அந்தச் சரிவுக்குக் கீழே அனுப்புவேனா? ஒன்று, இரண்டு, மூன்று, மணிக்கட்டு, மணிக்கட்டு. இல்லாவிட்டால் அவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லார் முன்னாலும் தப்பாக்கிப் பார்ப்பதற்காக ஐந்து பேருடைய ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வேனா? ஏழு, எட்டு. இரண்டும் செய்யக்கூடியவள் நான். பத்து. முழங்கை. கையைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு தட்டுகிறேன், வெயில் அங்கே ஆட்டுப்பாறை என்று நாங்கள் சொல்கிற பாறைவரை இறங்கிவிட்டது. பதிமூன்று தாண்டிவிட்டது, நெஞ்சில் ஏதோ இறங்குகிறது, அது நிம்மதியா ஏமாற்றமா, பதினான்கு, ஏமாற்றம்தான், பதினைந்து. போய்விட்டது. அதே இடம், அதே நேர்கோடு.

பதிமூன்றும் பதினைந்தும். இரண்டும் கேட்டைச் சாத்துகிற எண்கள்தான். மெதுவாகத் தட்டியே பதினைந்து, ஆகையால் இது பனி சொல்வது, நான் சொல்வதல்ல. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மெதுவாகத் தட்டினேன் என்று யார் சொல்கிறது, நான்தான் சொல்கிறேன், வாக்கியை மறந்து அணைக்கவில்லை என்று சொல்கிற அதே ஆள். எண் தெரிந்த கையின் எண் செல்லாது, அது முறை, வேறு ஒரு கை தட்ட வேண்டும், அந்தக் கைக்கு என் எண் தெரிந்திருக்கக் கூடாது. நேகி சார் ஏறி வருவதற்குள் வெயில் வந்துவிடும், அவரை விட்டால் இந்த மலையில் அப்படிப்பட்ட கை ஒன்றுதான் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, உதடு வெடித்து எரிகிறது. வாக்கியின் திருகைத் தேடவேண்டிய அவசியமே இல்லை, அது போட்டபடிதான் இருக்கிறது.

"சம்யு."

"சொல்லுடி. முடிச்சிட்டியா? டீ போட்டாச்சு, ஆறிடும்."

"உன் நம்பரைக் கேட்டுட்டேன். வாக்கியை ஆஃப் பண்ணல."

அவள் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி. அதனால?"

"அதனால என் நம்பர் செல்லாது. நீ வந்து என் குழியில தட்டு. எனக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லமாட்டேன்."

"லூசாடி நீ? கேட்டா என்ன, நீ என்ன வேணும்னேவா அடிக்கப்போற?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல சம்யு. வெயில் வர்றதுக்குள்ள வா."

தமிழ் புரியாத நேகி சார் நடுவில் புகுந்து என்ன விஷயம் என்றார். இந்தியில் சொன்னேன், என் தப்பு சார், அணைக்காமல் விட்டுவிட்டேன், எண் காதில் விழுந்துவிட்டது. அவர் அச்சா என்றார். அந்த அச்சாவை அன்றைக்கு முழுவதும் நான் திருப்பித் திருப்பிப் பார்க்கப்போகிறேன் என்று அப்போதே தெரிந்தது, அதில் கோபம் இருந்ததா, ஒரு பெயரை மனசுக்குள் அடித்துவிட்ட நிம்மதி இருந்ததா, ஒன்றுமே இல்லாத வெறும் அச்சாவா. அவள் முகட்டைத் தாண்டி வருகிறாள், ஓடி வருகிறாள், பனியில் இப்படி ஓட அவளால் மட்டும்தான் முடியும், நான் ஓடினால் முழங்கால்வரை புதைந்து நிற்பேன். குழிக்குள் குதித்தாள். முகம் சிவந்திருந்தது, கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். கையைப் பார்த்தேன், வெறுங்கை. அடுப்புப் பக்கம் காயவைத்த உறையை மறந்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு ரெண்டு இருந்தும் ஒண்ணும் எடுத்துட்டு வரல பாரு என்று கையை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். என் வலதுகை உறையைக் கழற்றிக் கொடுத்தேன். இது என்னோடதுதானே என்றாள். உன்னோடதுதான் என்றேன். உள்ளே என் கையின் சூடு இருந்திருக்கும், அவள் மாட்டிக்கொண்டு ரம்பத்தை எடுத்தாள்.

அவளே தூணை அறுத்தாள். நான் குழியின் மூலையில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், என் முகத்தைப் பார்த்து அவள் எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, அது முறைக்காக, அவள் தட்டுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்பதும் ஒரு காரணம். உறையில்லாத கையை அக்குளில் வைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று அவள் முணுமுணுக்கிறாள். அவள் கை எவ்வளவு சீராக விழுகிறது, கடிகாரம்போல், அவளுக்குத் தட்டும்போது நினைக்க ஒன்றுமில்லை, பனியை மட்டும் நினைக்கிறாள், அப்படி ஒரு மண்டை கிடைத்தால் நான் எதையும் கொடுப்பேன். ஆறு. உடைய வேண்டும். இல்லை, உடையக் கூடாது. உடைந்தால் என் எண் உண்மை, என் கை சுத்தம், நாளைக்கு அந்தப் பெண்கள் சாமான் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். உடையாவிட்டால் கேட் திறக்கும், ஜீப் போகும், என் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒன்பது. இதில் நான் எதை விரும்புகிறேன் என்று தேடுகிறேன், திருகைத் தேடின விரல் மாதிரி, பிடி கிடைக்கவில்லை. பத்து. துணி உரசும் சத்தம், முழங்கையை மடக்குகிறாள். பதினொன்று. பன்னிரண்டு, அந்தச் சொல் பாதியில் நின்றது. பின்னால் பனி வழுக்கிக் கீழே விழுகிற மெத்தென்ற ஓசை.

திரும்பினேன். அவள் ஷவலைப் பிடித்தபடி தன் காலடியில் கிடந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பெல்லாம் முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

"உனக்கு என்ன வந்துச்சு?"

"பதிமூணு. இன்னொண்ணுல பதினஞ்சு."

"நான் திறக்கச் சொல்லிருப்பேன் வாணி. நான் சார்கிட்ட வீடு கட்டலாம்னேன்."

"உன் இடத்துல காத்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருக்கும். நீ சரியாத்தான் தட்டின."

அது உண்மை, சமாதானத்துக்காகச் சொன்னதல்ல, ஒரே சரிவில் பத்து அடி தள்ளினால் வேறு பனி. ஆனால் சொல்லும்போது இனித்தது, அவளுக்கு ஆறுதல் சொல்கிற இடத்தில் நான் நிற்கிறேன் என்பது நாக்கில் அஸ்கா மாதிரி இனித்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது. அவள் வாக்கியை எடுத்து நேகி சாரிடம் பன்னிரண்டு என்றாள். அவர் நீளமாக மூச்சு விட்டார், நல்லவேளை நீ போய்ப் பார்த்தாய் சம்யுக்தா என்றார். இதோ. நான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான் போலிருக்கிறது, வெடித்த உதட்டை நக்கிப் பார்க்கிறதுபோல் அந்த வாக்கியத்தை இரண்டுதடவை மனசுக்குள் ஓட்டினேன். அவள் அது முடிவதற்குள்ளேயே, சார், வாணிதான் கூப்பிட்டாள், இது அவள் குழி, அவளுக்கு முன்னாலேயே பதிமூன்று வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை. அப்படியா, அவர் சொன்னார், அப்படியென்றால் கீழே போய்ச் சொல்ல வேண்டியதும் வாணிதான். யார் குழி சாலையை மூடுகிறதோ அவர்தான் கேட்டுக்கு இறங்கிப் போய் வண்டிக்காரர்களிடம் சொல்ல வேண்டும், அதுவும் அவர் வைத்த முறை. நியாயத்தைக்கூட இவள் இவ்வளவு சுலபமாகச் செய்கிறாளே என்று நினைத்துக்கொண்டு குழியிலிருந்து ஏறினேன். நானாக இருந்தால் அந்த ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்து பார்த்திருப்பேன். நானும் வர்றேன் என்று அவளும் பின்னால் வந்தாள். உறையைத் திருப்பித் தரவில்லை, மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை.

இறங்கும்போது வலதுகை விரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெயில் எங்கள் பக்கத்து முகட்டைத் தொட்டுவிட்டது, சாலைக்கு மேலே அந்தப் பெரிய முகம் முழுவதும் மினுக்குகிறது, ஒரு கீறல் இல்லை, ஒரு உருண்டை உருளவில்லை, பார்த்தால் யாருக்கும் கையை வைத்துத் தடவத் தோன்றும். இன்றைக்கு அது விழாமலே போகலாம். நாளைக்கும். பங்குனிவரை அப்படியே இருந்து சொட்டுச்சொட்டாகக் கரைந்து ஆற்றோடு போகலாம். விழுந்தால் நான் சரி. விழாவிட்டால் நான் சரியா என்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை, எனக்கும். விழு என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்கிறது, காலி சாலையில் ஒரேயொரு தடவை விழு, இவர்கள் எல்லோரும் பார்க்க விழு. அதைக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். அந்தக் குரலை எனக்கு நன்றாகவே தெரியும், குழிக்குள் சந்தோஷப்பட்டதும் அதுதான்.

ஓட்டுநர்கள் கேட்டருகே நெருப்பைச் சுற்றி நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் ஜீப் ஓட்டுகிற தோர்ஜே இன்ஜினைப் போட்டுவிட்டான், உள்ளே பெண்கள் பைகளைக் காலுக்கடியில் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்குத் திறக்க முடியாது என்றேன். என் இந்தி எப்போதும் பாடப்புத்தகம் வாசிக்கிறதுபோல் இருக்கும், இந்த வாக்கியமும் அப்படித்தான் வந்தது. யாரோ சாலையில் துப்பினார்கள். ஒரு லாரிக்காரர் கையால் மலையைக் காட்டி, அங்கே பாரு, குழந்தை தூங்குற மாதிரி தூங்குது, இதுக்கா பயம், மெட்ராஸ்காரங்களுக்குக் குளுரு ஏறிடுச்சு என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண் ஜீப்பின் ஓரத்திலிருந்து தலையை நீட்டினாள்.

"அக்கா, கண்டிப்பா விழுமா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நாளைக்குப் பரீட்சை அக்கா."

"தெரியும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேகி சார் பள்ளிக்கூடத்தோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், மேல் கிராமத்திலேயே எழுதவைக்க முடியுமா என்று கேட்பார், நடக்கலாம், நடக்காமலும் போகலாம், அதையும் அப்படியே சொன்னேன். தோர்ஜே இன்ஜினை அணைத்தான். சத்தம் நின்ற பிறகு அந்த இடத்தில் இவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. இறங்கி வந்தான், என்னையும் சம்யுக்தாவையும் மாறிமாறிப் பார்த்தான், பார்வை அவளிடம் போய் நின்றது, எல்லோருடைய பார்வையும் அங்கேதான் போய் நிற்கும்.

"யார் மூடச்சொன்னது?"

சம்யுக்தா ஓர் அடி முன்னால் வந்தாள். எனக்குத் தெரியும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று, நாங்கள் இரண்டு பேரும் என்று சொல்வாள், பாதியைத் தன் தோளில் எடுத்துக்கொள்வாள், தொப்பியைக் கொடுத்ததுபோல், அவ்வளவு சுலபமாக, அந்தப் பெண் பிறகு எங்கள் இருவரையும் சேர்த்து நினைத்துக்கொள்வாள், அதில் அவள் முகம்தான் ஞாபகம் இருக்கும். நாங்கள் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தேவிட்டது.

"நான்," என்றேன். "இவள் இல்லை. நான் மட்டும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், ஏன்டி என்பதுபோல். எதுவானாலும் அவளிடம் இரண்டு இருக்கும், என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது, இதைத் தர மாட்டேன். தோர்ஜே கிட்டே வந்தான். உறையில்லாத கையால் பனிக்கண்ணாடியைக் கழற்றி நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டேன், வெளிச்சம் கண்ணில் அறைந்தது, நீர் கொட்டியது, துடைக்கவில்லை, உத்தரவு போட்டவளின் மூஞ்சியை அவன் பார்த்து முடிக்கிறவரை அதை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன்.